நாக்பூருக்குப் போன தண்ணீர்

நாக்பூர்
18.4.1982

அன்புள்ள அண்ணிக்கு, தெய்வநாயகி வணக்கத்துடன் எழுதுவது.

நான் இங்கே நலம். நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் தோள்வலி குறைந்ததா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மோர் தவிர எதுவும் தொண்டையில் இறங்குவதில்லை.

நீங்கள் அனுப்பிய பத்தாவது பாட்டில் புதன்கிழமை வந்தது. கிருமாம்பாக்கம் மைதீன் பிச்சை பாய் மரத்தூள் வைத்துக் கட்டிய கட்டு கொஞ்சம்கூட நசுங்கவில்லை. அவரிடம் சொல்லுங்கள். அன்றைக்கே எங்கள் நிலத்தடி நீர் ஆய்வுக்கூடத்தில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று பார்த்துவிட்டேன். எண்பத்தாறு! இருநூற்றைம்பதைத் தாண்டினால்தான் குடிக்க ஆகாது. நம் பனித்திட்டு மோட்டார் கிணறு போட்டுப் பதினைந்து மாதம் ஆகிறது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அப்படியும் எண்பத்தாறு. என் மேலதிகாரி தேஷ்பாண்டே சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அண்ணி, அந்த இடத்தைக் காட்டியவள் நான் என்பது எனக்கே சில நாள் நம்ப முடியவில்லை. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் நான் வரைபடத்தை விரித்தபோது, "மீன் கூடைக்காரி வூட்டுப் பொண்ணுக்குப் பூமிக்குள்ள கண்ணு தெரியுதாம்" என்று ஒரு ஆள் சிரித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர் வீட்டுக்கும் இப்போது அந்தத் தண்ணீர்தான்.

பரிசோதனை முடிந்து பாட்டிலில் மீதி இருப்பதை நான் அறைக்கு எடுத்துப்போய்க் குடித்துவிடுகிறேன். சாருக்குத் தெரிந்தால் திட்டுவார். என்ன செய்ய? இந்த விடுதியில் தமிழ் பேச ஒரு ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாயைத் திறக்காமலே போகிறது. பாட்டில் வருகிற நாளில் மட்டும் நம் வீட்டிலிருந்து யாரோ வந்து உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

மாதத்தின் முதல் செவ்வாய், மோட்டார் அரைமணி ஓடிய பிறகு, பாட்டிலை மூன்று தடவை அலசிப் பிடிக்க வேண்டும். மறக்காதீர்கள்.

உங்கள் பிரியமுள்ள நாத்தனார்
தெய்வநாயகி


பனித்திட்டு
3.5.1982

நாத்தனாருக்குத் தாயாரம்மாள் ஆசீர்வாதம்.

நானும் நலம், ரெண்டு கோழியும் நலம். உன் அண்ணன் சித்திரை பிறந்ததும் கேரளா பக்கம் தொழிலுக்குப் போய்விட்டார். ஐப்பசிக்குத்தான் வருவாராம். வீட்டில் பேச ஆளில்லாமல் கோழியோடு பேசுகிறேன். அது உன்னைவிட ஒழுங்காகப் பதில் சொல்கிறது.

மீதித் தண்ணீரைக் குடிக்கிறாயா? பத்து நாள் ரயிலில் வந்த தண்ணீரையா? எம்.எஸ்ஸி. படித்தவளுக்குப் புத்தி இப்படியா போக வேண்டும்? உன் ஒன்பது வயதில் பேன் பார்த்து வளர்த்த கை இது. நேரில் இருந்தால் ஒன்று போட்டிருப்பேன்.

ஊரில் உன் பேர்தான். பக்கத்து வீட்டுக் காசம்மாள், அவள்தான் உன்னைப் படிக்க வைத்ததற்கு என்னை மூன்று வருஷம் வாய்க்கு வந்தபடி பேசியவள், இப்போது குடத்தைக் குழாயடியில் வைக்கும்போது, "நம்ம பாப்பா குடுத்த தண்ணி" என்கிறாள். நம்மவளாம்! மணலில் ஊத்து தோண்டிக் கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு கை ஓய்ந்த காலம் போய்விட்டது. நாளைக்குச் செவ்வாய். பாட்டில் பிடித்து அனுப்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

தாயாரம்மாள்


நாக்பூர்
13.6.1982

அன்புள்ள அண்ணிக்கு, வணக்கம். இங்கே நலம், அங்கே நலமா?

அண்ணன் ஊரில் இல்லாமல் தனியாக இருக்கிறீர்கள் என்று படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. நீங்கள் அங்கே ஒற்றையாக, நான் இங்கே ஒற்றையாக. நல்ல குடும்பம்தான்!

ஜூன் பாட்டிலில் உப்பு நூற்றுத் தொண்ணூறு. ஒரே மாதத்தில் இவ்வளவு ஏறியிருக்கிறது. நல்ல தண்ணீர் மணலுக்குள் கடல் தண்ணீரின் மேலே மிதந்துகொண்டுதான் இருக்கும். மோட்டார் உறிஞ்ச உறிஞ்ச அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறி வரலாம். அப்படி வந்துவிட்டால் என் வேலை மொத்தமும் வீண் என்று தேஷ்பாண்டே சார் சொல்கிறார். நான் அப்படி வராது என்று நிற்கிறேன். ஒவ்வொரு பாட்டிலும் எனக்கு ஒரு பரீட்சை போல ஆகிவிட்டது அண்ணி. இந்த மாதம் ஜஸ்ட் பாஸ். அடுத்ததில் பெயிலாகாமல் இருக்கச் சாமியை வேண்டிக்கொள்ளுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் வாய்க்கு எப்படி இருக்கிறது? ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா?

பிரியமுள்ள
தெய்வநாயகி


பனித்திட்டு
18.7.1982

தெய்வாவுக்கு.

இங்கே எல்லாரும் சௌக்கியம். பாட்டில் இந்தத் தடவை நாலு நாள் தாமதம். கோபித்துக்கொள்ளாதே. தோள் பழையபடி வலிக்கிறது. வேறொன்றும் இல்லை.

உனக்கு நல்ல தண்ணீர் அனுப்பியிருக்கிறேன். பயப்படாதே.

தாயாரம்மாள்


நாக்பூர்
15.8.1982

என் அருமை அண்ணிக்கு ஆயிரம் வணக்கம்!

நலமா? தோளுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேயுங்கள், கூடையைக் கொஞ்ச நாள் தூக்காதீர்கள். நான் இன்றைக்கு இருக்கிற சந்தோஷத்தில் நடந்தே பனித்திட்டுக்கு வந்துவிடுவேன் போலிருக்கிறது.

ஐம்பத்து நாலு! ஜூலை பாட்டிலும் ஐம்பத்து நாலு, நேற்று வந்த ஆகஸ்ட் பாட்டிலும் ஐம்பத்து நாலு! மழை பொய்த்த வருஷத்தில் உப்பு இறங்குகிறது என்றால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். கிணற்றுக்கு அடியில் களிமண் தட்டு ஒன்று இருந்து கடலைத் தடுக்கிறது. இதை வைத்து அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டேன். நம் ஊர் மாதிரியே மணல் உள்ள பதினேழு கடற்கரை ஊர்களில் இதே ஆழத்தில் மோட்டார் கிணறு போடலாம் என்று சொல்லப் போகிறேன். ஜனவரி பத்தாம் தேதி கூட்டம். அன்றைக்குச் சரி என்றால் தை மாதமே தோண்டிவிடுவார்கள். பதினேழு ஊர்ப் பெண்களுக்கு இனி மணலைப் பிறாண்டுகிற வேலை கிடையாது!

தேஷ்பாண்டே சார் மட்டும், "மாதிரி எடுப்பது யார்?" என்று கேட்டார். "என்னை வளர்த்தவர்" என்றேன். "அப்படியானால் சரி" என்று சொல்லிவிட்டார்.

மீதித் தண்ணீரைக் குடித்தேன். திட்டுங்கள் பரவாயில்லை. ருசி கொஞ்சமும் மாறவில்லை. கண்ணைக் கட்டிவிட்டு ஆயிரம் தண்ணீர் கொடுத்தாலும் நம் தண்ணீரை நான் கண்டுபிடித்துவிடுவேன்.

தெய்வநாயகி


பனித்திட்டு
19.9.1982

தெய்வாவுக்கு அண்ணி எழுதுவது.

நான் நலம். பெரிய கோழி செத்துப்போனது. உன் அண்ணனிடமிருந்து ஒரு கார்டு வந்தது, மீன்பாடு சரியில்லையாம்.

பதினேழு ஊரா? அத்தனை ஊரிலும் ஒரே நாளில் எதற்குத் தோண்ட வேண்டும்? ஒரு ஊரில் போட்டு ரெண்டு வருஷம் பார்த்துவிட்டு அப்புறம் செய்யக்கூடாதா? எனக்கு ஒன்றும் தெரியாது. வாயில் வந்ததை எழுதுகிறேன். அந்த ஊர்ப் பெண்கள் ஊத்துத் தண்ணீர் குடித்தே பழகினவர்களாக இருப்பார்கள்.

கிருமாம்பாக்கம் ரோட்டில் காலையில் நடக்கும்போது உன் பள்ளிக்கூடத்து வாத்தியார் பலராமன் பார்த்தார். உன்னை விசாரித்தார். "இந்த நேரத்துல இங்க இன்னாம்மா?" என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

தீபாவளிக்கு வருவாயா? வந்தால் உட்கார்ந்து பேசலாம். கடிதத்தில் எல்லாம் எழுத வருவதில்லை.

தாயாரம்மாள்


நாக்பூர்
24.10.1982

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம். இப்போது நலம். போன வாரம் நலமில்லை.

நாலு நாள் காய்ச்சல். அறையிலேயே கிடந்தேன். ஒருத்தரும் கதவைத் தட்டவில்லை. ஐந்தாம் நாள் ஆபீஸ் போனபோது, "லீவு எழுதிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான். அன்றைக்குக் குழாயடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

தீபாவளிக்கு வர முடியாது. அறிக்கை பாதியில் நிற்கிறது. இதை முடித்தால் ஒரு பேர் கிடைக்கும், பேர் கிடைத்தால் மதராஸுக்கு மாற்றல் கேட்கலாம். அப்புறம் மாதாமாதம் வருவேன்.

அங்கே மழை உண்டா? பேப்பரில் வறட்சி என்று போட்டிருக்கிறான். உங்கள் கடிதங்கள் ஏன் இப்படிக் குட்டியாகிக்கொண்டே வருகின்றன? நவம்பர் பாட்டிலோடு நாலு பக்கம் எழுதுங்கள். அந்தப் பாட்டிலில் உப்பு மட்டும் பார்க்கப் போவதில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிற முழுப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

தெய்வநாயகி


நாக்பூர்
5.12.1982

அண்ணிக்கு வணக்கம்.

நலம் என்று நம்புகிறேன். பாட்டில் வந்தது. கடிதம் வரவில்லை. கட்டைப் பிரித்து மரத்தூளையெல்லாம் தரையில் கொட்டித் தேடினேன்.

முழுப் பரிசோதனை செய்தேன். உப்பு ஐம்பத்தாறு. ஆனால் தண்ணீரில் நைட்ரேட் நாற்பத்தெட்டு இருக்கிறது. வயலுக்குப் போடுகிற உரம் மண்ணில் இறங்கித் தண்ணீரில் கலந்தால் வருவது அது. போன வருஷம் நம் கிணற்றில் அது துளிகூட இல்லை. மூன்று தடவை திருப்பிச் செய்தேன். அப்புறம் பழைய பாட்டில்களின் அடியில் ஒட்டியிருந்ததை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஜூன் வரைக்கும் இல்லை. ஜூலையிலிருந்து இருக்கிறது.

அண்ணி, பனித்திட்டில் யார் நாற்று நட்டார்கள்? யார் யூரியா போட்டார்கள்?

எனக்கு உங்கள்மேல் சந்தேகம் என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதுகிறேன். நீங்கள் இல்லை என்று எழுதினால் இல்லை என்று நம்புவேன். ஆனால் உண்மையை எழுதுங்கள். ஜனவரி பத்தாம் தேதிக்குள் எனக்குத் தெரிய வேண்டும். நான் சொல்வது தப்பாக இருந்தால் பதினேழு ஊருக்கும் உப்பைக் குடிக்க வைத்த பாவம் என் தலையில் விழும். கடிதம் வேண்டாம், தந்தி அடியுங்கள்.

தெய்வநாயகி


பனித்திட்டு
8.1.1983

தெய்வா,

உன் கடிதம் வந்து நாலு வாரம் ஆகிறது. அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறேன். தினமும் அரிசி எடுக்கும்போது கையில் படும். தந்தி அடிக்கத் தபாலாபீஸ் வரைக்கும் ரெண்டு தடவை போனேன். நாலு வார்த்தையில் இதை எப்படிச் சொல்ல? திரும்பி வந்துவிட்டேன்.

நீ நினைத்தது சரி. ஜூலையிலிருந்து உனக்கு வந்தது நம் தண்ணீர் இல்லை. கிருமாம்பாக்கத்தில் வயலோரத்துக் கிணற்றுத் தண்ணீர்.

நம் கிணறு வைகாசியிலேயே கெட ஆரம்பித்தது. முதலில் டீ திரிந்தது. அப்புறம் பருப்பு வேகவில்லை. ஆடியில் வாயில் வைக்க முடியவில்லை. அதோடு விட்டதா? மணலில் நாங்கள் தோண்டுகிற ஊத்தும் கரித்துப்போனது. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு ரெண்டு மைல் நடக்கிறது. என் தோள்வலி கூடையால் வந்தது இல்லை.

பாட்டில் பரீட்சை, ஜஸ்ட் பாஸ் என்று நீ எழுதிய கடிதத்தைக் குழாயடியில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். உன் கடிதம் வந்தால் அப்படித்தான், நாலு பேர் கேட்டாலொழிய எனக்குத் திருப்தி இல்லை. காசம்மாள் பதறிப்போய்விட்டாள். "அப்போ தண்ணி பெயிலானா பாப்பாவும் பெயிலா? வூட்டுக்கு அனுப்பிடுவானுங்களா?" என்றாள். "அனுப்பத்தான் செய்வானுங்க" என்று நான்தான் சொன்னேன். "அப்புறம் அந்தத் தண்ணிய எதுக்குடி அனுப்புற? கட்டிக் குடுத்த பொண்ணு வூட்டுக்கு மீன் குடுத்தனுப்புனா கூடையில எதப் பாத்து எடுப்போம்? நல்லதாத்தான பாத்து எடுப்போம்?" என்றாள். எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான்.

அதிலிருந்து மாதம் ஒருத்தி. ஜூலையில் நான், ஆகஸ்டில் காசம்மாள், அப்புறம் நம் தெரு அமுதம். பாட்டிலை மூன்று தடவை அலசித்தான் பிடித்தோம். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. மைதீன் பிச்சை பாய் மட்டும், "ஏம்மா, எங்க ஊரு தண்ணிய எதுக்கு நாக்பூருக்கு அனுப்புறீங்க? அங்க தண்ணி இல்லியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே வந்துவிட்டோம்.

நீ பூமியைப் பார்ப்பதற்குத் தண்ணீர் கேட்டாய். நாங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அனுப்புவதாக நினைத்துக்கொண்டோம்.

பதினேழு ஊர் என்று நீ எழுதியபோதுதான் செய்தது தப்பு என்று உறைத்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ருசி மாறவில்லை என்று அதே கடிதத்தில் எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு எப்படிச் சொல்வேன்? இந்தக் கடிதம் பத்தாம் தேதிக்குள் வந்து சேராது என்று தெரியும். சாமி வழிகாட்டட்டும்.

தாயாரம்மாள்


நாக்பூர்
11.1.1983

அண்ணிக்கு.

தந்தி வரவில்லை. கடிதமும் வரவில்லை. நேற்றுக் கூட்டம் நடந்தது.

அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். "ஜூலையிலிருந்து உள்ள எண்கள் என் கிணற்றின் எண்கள் இல்லை. இதை நம்பி ஒரு கிணறும் தோண்ட வேண்டாம்" என்று சொன்னேன். "பின்னே எந்தக் கிணறு?" என்றார்கள். தெரியாது என்றேன். "மாதிரி எடுத்தது யார்?" என்றார்கள். "என் அண்ணி" என்றேன். ஒருவர் சிரித்தார். தேஷ்பாண்டே சார் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். அது இன்னும் மோசமாக இருந்தது. அறிக்கையைத் திருப்பித் தந்துவிட்டார்கள். நாளையிலிருந்து எனக்குப் பழைய கோப்புகளை அடுக்குகிற வேலை.

ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? உலகத்தில் எனக்கு நீங்கள் ஒருத்திதான் என்று இருந்தேனே. உங்கள்மேல் எனக்கு வருகிற கோபம் அடங்கவே மாட்டேன் என்கிறது.

17.1.1983

மேலே உள்ளதைத் தபாலில் போடுவதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது. கிழித்துப் போடவில்லை, அப்படியே அனுப்புகிறேன். இனிமேல் நமக்குள் எதையும் மறைக்க வேண்டாம்.

களிமண் தட்டு கிடையாது. நானே கற்பனை செய்துகொண்டேன். பரீட்சை என்று எழுதியவளும் நான். கண்ணைக் கட்டினாலும் கண்டுபிடிப்பேன் என்றவள் ஆறு மாதமாகக் கிருமாம்பாக்கத்துத் தண்ணீரைக் குடித்து, நம் வீடு நம் வீடு என்று உருகியிருக்கிறேன். நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்தால் அழுகை வருகிறது.

மூன்று காரியம் செய்யுங்கள். பஞ்சாயத்தாரிடம் சொல்லி மோட்டாரை நிறுத்துங்கள். ஊத்து எத்தனை முழம் தோண்டுவீர்கள், எத்தனை குடம் மொண்டபின் நிறுத்துவீர்கள் என்று எழுதுங்கள். படித்த திமிரில் அதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மூன்றாவது, மாதாமாதம் நம் தண்ணீரையே அனுப்புங்கள்.

உப்பு எப்போது இறங்கும் என்று கேட்பீர்கள். ஒரு வருஷமோ, ஐந்து வருஷமோ, எனக்குத் தெரியாது. இறங்காமலும் போகலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊருக்கு வருவேன்?

தெய்வநாயகி


பனித்திட்டு
20.2.1983

தெய்வாவுக்கு. நான் நலம். உன் அண்ணன் வந்திருக்கிறார், அவரும் நலம்.

மோட்டாரை நிறுத்தியாயிற்று. பெரிய சண்டை. பஞ்சாயத்தில் ஆம்பிளைகள், "குளிக்கவாச்சும் ஓடட்டுமே" என்றார்கள். காசம்மாள் நடுவில் போய் நின்று, "குளிக்கக் கடல் இல்ல?" என்று கேட்டாள்.

ஊத்து நன்றாக இருந்த காலத்திலேயே ரெண்டு முழத்துக்கு மேல் தோண்ட மாட்டோம். ஒரு குழிக்குக் காலையில் ஆறு குடம், அதோடு விட்டுவிட்டு அடுத்த குழிக்குப் போவோம். பேராசைப்பட்டு எட்டாவது குடம் மொண்டால் கரிக்கும். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்காதே. நாக்குதான்.

பாட்டில் அனுப்பியிருக்கிறேன். உப்பு.

தாயாரம்மாள்


பனித்திட்டு
10.4.1983

தெய்வா, நலமா? நீ எழுதவில்லை. பாட்டில் வந்து சேர்ந்தது என்று ஆபீஸ் அச்சடித்த கார்டு மட்டும் வருகிறது, அடியில் உன் கையெழுத்து. இந்த மாதமும் உப்பு.

தாயாரம்மாள்


பனித்திட்டு
12.6.1983

தெய்வாவுக்கு அண்ணி எழுதுவது.

ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. காய்ச்சலோ என்று பயந்தேன். கார்டில் கையெழுத்து நேராக இருப்பதால் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

நமக்குள் மறைக்க வேண்டாம் என்று எழுதினாய். அதனால் சொல்கிறேன். ஊரில் உன்னைத் திட்டுகிறார்கள். காசம்மாள் இடுப்பில் குடம் ஏற்றும்போதெல்லாம், "இந்தா, உன் நாத்தனா குடுத்த சீரு" என்கிறாள். ரெண்டடி நடந்ததும், "எப்பத்தான் வருவாளாம் அவ?" என்று கேட்கிறாள்.

தண்ணீர் இன்னும் உப்புதான். கிருமாம்பாக்கத்தில் வறட்சி என்று வீட்டுக்கு ஒரு குடம்தான் விடுகிறார்கள். அதைக் குழந்தைகளுக்கும் படுத்துக் கிடப்பவர்களுக்கும் வைத்துவிட்டு, மற்றவர்கள் நம் கிணற்றில் வாளி போட்டு இறைத்துச் சுக்குத் தட்டிப் போட்டுக் குடிக்கிறோம். விருந்தாளி வந்தால் மட்டும் நல்ல தண்ணீரில் ஒரு செம்பு எடுத்துத் தருகிற வழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

நீ வந்தால் உனக்கு அந்தச் செம்பு கிடையாது. இப்போதே சொல்லிவிட்டேன். நீ என்ன விருந்தாளியா? நாங்கள் குடிக்கிற உப்புத் தண்ணீரைத்தான் உனக்கும் மொண்டு தருவேன். முகம் சுளிக்காமல் குடிக்க வேண்டும்.

எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுது.

தாயாரம்மாள்